மலிவு விலையில் ஜெர்மன் வெள்ளை ஒயின்: ஒரு சரித்திரப் பார்வை

ஆண்டு மலரில் சரித்திரக் கட்டுரை என்றால் கோட்டை, கொத்தளம், கல்வெட்டு என்று வரும். இங்கே வரப்போவது ஒரு புட்டி. ஜெர்மனிக்குப் படிக்கப் போயிருக்கும் நம் தம்பி தங்கைகள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: அங்கே ஒரு வீட்டில் சாப்பிடக் கூப்பிட்டால் பெரும்பாலும் ஒரு ஒயின் பாட்டிலோடு போவது வழக்கம். கையிலோ காசு கம்மி. லேபிளைப் பார்த்தால் தலை சுத்தும். அந்தத் தலைசுற்றலுக்கு ஒரு சரித்திரமே இருக்கிறது. (குடிக்காதவர்கள் பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். நல்ல எண்ணத்தோடு போட்ட ஒரு சட்டம் சாமானியனை எப்படிக் குழப்பியது என்ற கதை இது.)

ஜெர்மன் வெள்ளை ஒயினின் ராஜா ரீஸ்லிங் என்ற திராட்சை. 1435-இல் ரூசல்ஸ்ஹைம் என்ற ஊரில் ஒரு பிரபுவின் கணக்குப் பதிவில், ரீஸ்லிங் கொடி வாங்கிய செலவு எழுதப்பட்டிருக்கிறது. அந்தப் பெயர் கிடைக்கும் மிகப் பழைய ஆவணம் அதுதான். ரீஸ்லிங் தாமதமாகப் பழுக்கும், குளிர் தாங்கும், புளிப்பு அதிகம். ரைன் நதிக்கரையிலுள்ள யோஹானிஸ்பெர்க் மடத்துத் தோட்டத்தில் 1720 முதல் பெருமளவில் அதையே நட்டார்கள். 1775-இல் அங்கே நடந்ததாக ஒரு கதை சொல்வார்கள். அறுவடைக்கு ஃபுல்டாவிலிருந்து மடத்துத் தலைவரின் உத்தரவு வர வேண்டும். குதிரைக்காரன் வரத் தாமதம். அதற்குள் பழம் சுருங்கிப் பூஞ்சணம் பிடித்துவிட்டது. வேறு வழியில்லாமல் அதையே பிழிந்தார்கள். ஒயின் அமிர்தமாக வந்ததாம்! 'ஷ்பெட்லேசே', அதாவது தாமத அறுவடை, என்ற பெயருக்கு இந்தக் கதையைத்தான் சொல்கிறார்கள். அந்தக் குதிரைக்காரனுக்கு அங்கே சிலையும் உண்டு. 1787-இல் ட்ரியர் நகரத்து ஆட்சியாளரான பேராயர் கிளெமென்ஸ் வென்செஸ்லாஸ், மட்டமான கொடிகளைப் பிடுங்கிவிட்டு நல்ல கொடி நடச் சொல்லி ஆணையிட்டார். மோசல் பள்ளத்தாக்கு ரீஸ்லிங் நாடானது அதன் பிறகுதான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த ஒயின்கள் பிரான்சின் போர்தோ ஒயினுக்குச் சமமான விலைக்கு விற்றன. ஹோக்ஹைம் என்ற ஊர்ப் பெயரைச் சுருக்கி, ரைன் ஒயின் எல்லாவற்றையும் ஆங்கிலேயர் 'ஹாக்' என்றார்கள்.

அப்பேர்ப்பட்ட ஒயின் எப்படி மலிவுச் சரக்காகப் பெயர் கெட்டது?

இங்கே ஃபெர்டினாண்ட் ஓக்ஸ்லே வருகிறார். ஃபோர்ட்ஸ்ஹைம் ஊர்க் கைவினைஞர். திராட்சைச் சாற்றின் கனத்தை அளக்கும் கருவி ஒன்றைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பரப்பினார். ஒரு லிட்டர் சாறு 1080 கிராம் இருந்தால் 80 டிகிரி. கனம் கூடினால் சர்க்கரை கூடுதல், அதாவது பழம் நன்றாகப் பழுத்திருக்கிறது. குளிர் நாட்டில் பழுப்பதே பெரும்பாடு என்பதால் இது நியாயமான அளவுகோல்தான்.

1971-இல் வந்த ஒயின் சட்டம் இந்த டிகிரியையே தரத்தின் அளவுகோலாக்கிவிட்டது. எந்தத் திராட்சை, எந்த மண், எந்தச் சரிவு என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். இங்குதான் முல்லர்-துர்காவ் என்ற திராட்சைக்கு யோகம் அடித்தது. 1882-இல் கைசன்ஹைமில் ஹெர்மன் முல்லர் என்ற சுவிட்சர்லாந்துக்காரர் உருவாக்கிய ஒட்டு ரகம் அது. சீக்கிரம் பழுக்கும், காய்த்துத் தள்ளும். சமவெளியில் உருளைக்கிழங்கு போட வேண்டிய நிலத்தில்கூட வளரும். டிகிரி வந்துவிட்டால் அதற்கும் ரீஸ்லிங்குக்கும் லேபிளில் ஒரே மரியாதை!

அதைவிடப் பெரிய வினை, பெயரில் நடந்தது. சுமார் 30,000 தோட்டப் பெயர்களை 2,600 அளவுக்குக் குறைத்தார்கள். கூடவே பல கிராமங்களைச் சேர்த்துப் 'பெருந்தோட்டம்' என்று புதுப் பெயர்கள் கொடுத்தார்கள். 'பீஸ்போர்ட்டர் கோல்ட்ட்ரொப்ஃஷன்' என்றால் மோசல் நதிக்கு மேலே செங்குத்தான பாறைச் சரிவு. 'பீஸ்போர்ட்டர் மிஷல்ஸ்பெர்க்' என்றால் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊர்ச் சாறாகவும் இருக்கலாம். லேபிளைப் படிப்பவனுக்கு வித்தியாசம் தெரிய வழியே இல்லை. நம்மூரில் ஒரு நல்ல ஊர்ப் பெயரைப் போட்டு வேறு எங்கோ விளைந்த அரிசியை விற்றால் சும்மா விடுவோமா?

வோர்ம்ஸ் நகரத்து மாதா கோயில் தோட்டத்தின் பெயரில் பிறந்த 'லீப்ஃபிரௌமில்ஷ்' கதையும் இதுதான். முன்பு மதிப்பான பெயர். பிறகு புளிக்காத சாறு கலந்து இனிப்பேற்றிய ஏற்றுமதிச் சரக்காகிவிட்டது. 1985-இல் ஆஸ்திரிய ஒயின்களில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற ரசாயனம் கலந்தது அம்பலமானது. சில ஜெர்மன் வியாபாரிகள் அந்த ஒயினைத் தங்கள் சரக்கில் கலந்திருந்ததும் வெளியே வந்தது. இதில் அடி வாங்கியது யார்? சரிவில் கயிறு பிடித்து ஏறி வேலை செய்த நாணயமான விவசாயிதான்.

சரி, இன்று காசு குறைவாக இருப்பவர் என்ன பார்ப்பது? முதலில் 'கூட்ஸ்அப்ஃபுல்லுங்' என்ற சொல். விளைத்தவரே புட்டியில் அடைத்தார் என்று பொருள். பிறகு திராட்சையின் பெயர். திராட்சைப் பெயரே இல்லாத லேபிளை நான் தொடமாட்டேன். 'ட்ரோக்கன்' என்றால் இனிப்பில்லாதது. லிட்டருக்கு அதிகபட்சம் 9 கிராம் சர்க்கரை. அந்தச் சொல் இல்லாவிட்டால் ஆல்கஹால் சதவீதத்தைப் பாருங்கள். 8, 9 என்றால் சர்க்கரை மிச்சம் இருக்கிறது, இனிக்கும். 12 என்றால் பெரும்பாலும் இனிக்காது. 'கபினெட்' என்று போட்டிருந்தால் நொதிக்குமுன் சர்க்கரை சேர்க்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, ஆல்கஹாலும் குறைவு. உயர்ந்த பெயர்களுக்கு ஆசைப்படுவதைவிட நல்ல கையிலிருந்து வந்த கபினெட்டே மேல் என்பது என் கட்சி.

மோசல் சரிவு ஒயினை அடிமட்ட விலைக்குத் தேடக் கூடாது. அங்கே இயந்திரம் ஏறாது, எல்லாம் ஆள் வேலை. பட்ஜெட்டுக்கு ரைன்ஹெஸ்ஸன், ஃபால்ஸ் பக்கம் போகலாம். அல்லது சில்வானர் வாங்கலாம். 1659-இல் ஃபிராங்கன் பகுதியின் காஸ்டல் ஊரில் நடப்பட்ட பழைய ரகம், அடக்கமான ஆள்; அதனால் விலையும் அடக்கம்.

2021-இல் சட்டத்தை மறுபடி திருத்தினார்கள். இனி டிகிரியைவிட இடம் முக்கியம். இடம் எவ்வளவு குறுகலோ அவ்வளவு உயர்வு. பெருந்தோட்டப் பெயர்களுக்கு முன்னால் 'ரீகியோன்' என்ற சொல்லையும் சேர்க்கச் சொல்கிறது புதிய விதி. ஐம்பது வருஷம் கழித்துத்தான் மிஷல்ஸ்பெர்க் குழப்பத்துக்கு வழி பிறந்தது. ஆனால் ஊர்க்காரர்கள் இதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. அவர்கள் தினசரி மேஜைக்கு வாங்குவது, விவசாயியே தன் பெயர் போட்டு விற்கும் ஒரு லிட்டர் புட்டி. முக்கால் லிட்டர் புட்டியைவிடப் பெரிசு. தோட்டப் பெயர் பெரும்பாலும் இருக்காது, திருகு மூடிதான். பட்டப் பெயர் எதுவும் இல்லாத ட்ரோக்கன் ரீஸ்லிங் பல வீட்டில் அப்படித்தான் மேஜைக்கு வருகிறது.