தந்தையர் மொழியும் மைந்தர் மொழியும்

கடல் கடந்து குடியேறும் மக்கள் தம்முடன் கொண்டு செல்லும் உடைமைகளுள் மதமும் மொழியும் முதன்மையானவை. முதல் தலைமுறையினருக்கு இவை இரண்டும் ஒன்றே. புதிய மண்ணிற் பிறந்த பிள்ளைகளுக்கோ அவை வெவ்வேறாகிவிடுகின்றன. இவ்வேறுபாடு ஒரு சபையை எவ்வளவு தூரம் ஆட்டங்காணச் செய்யும் என்பதற்கு, அமெரிக்காவிற் குடியேறிய ஜேர்மன் லூத்தரன் கிறித்தவரின் வரலாறு தக்க சான்றாகும்.

1706 இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்குவை நாம் அறிவோம். அவர் பயின்ற ஹாலே நகரத்துப் பக்தி இயக்கமே, 1742 இல் மூலன்பேர்க் என்னும் போதகரைப் பென்சில்வேனியாவுக்கு அனுப்பியது. சீகன்பால்கு பிறர் மொழியாகிய தமிழைக் கற்றுப் போதித்தார்; மூலன்பேர்க் தம்மினத்தாருக்குத் தாய்மொழியிற் போதிக்கச் சென்றார். எனினும் அவர் மொழிப் பிடிவாதம் கொண்டவரல்லர். 1751 இல் நியூயோர்க்கில் ஜேர்மன், ஒல்லாந்தம், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் பிரசங்கம் செய்தார்.

அவர் காட்டிய நெகிழ்ச்சி அவருக்குப் பின் நிலைக்கவில்லை. பிலடெல்பியாச் சபையின் இளையோர், ஜேர்மன் போதகருடன் ஆங்கிலத்திற் போதிப்பவர் ஒருவரும் வேண்டும் எனக் கேட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் மூலன்பேர்க்கின் மைந்தரான தளபதி பீற்றர் என்பது மனங்கொள்ளத்தக்கது. போதகர் மன்றமோ 1805 இல், தான் ஜேர்மன் மொழி மன்றமாகவே நிலைத்திருக்கும் எனத் தீர்மானித்தது. 1806 இல் ஆங்கிலம் வேண்டியோர் பிரிந்து சென்று தனித் தேவாலயம் கண்டனர். பூசல் அத்துடன் ஓயவில்லை. 1816 இல் நீதிமன்றம் வரை சென்றது.

இதனை மூத்தோரின் பழமைப்பற்று என்றோ இளையோரின் பக்திக்குறைவு என்றோ கூறி அமைதல் பொருந்தாது. சந்தையும் நீதிமன்றமும் அரசியலும் ஆங்கிலத்தில் நடந்த நாட்டில், முன்னேற விழைந்தோருக்கு அம்மொழி இன்றியமையாததாயிற்று. ஆனால், கப்பற் கட்டணத்துக்கு ஈடாகத் தம் உழைப்பை ஆண்டுக்கணக்கில் அடகு வைத்து வந்திறங்கிய ஏழைகளும் இருந்தனர். அவர்களுக்குத் தாய்மொழித் தேவாலயமே அந்நிய மண்ணிற் கிடைத்த ஒரே புகலிடம். இரு சாராரும் வேண்டி நின்றது ஒன்றே: தமக்கு விளங்கும் மொழியில் ஆறுதல்.

சபை தானே தீர்க்கத் தவறியதைப் பின்னர் அரசு பலவந்தத்தால் தீர்க்க முற்பட்டது. 1918 இல் அயோவா மாநில ஆளுநர், வழிபாட்டிற்கூட அந்நிய மொழிகளைத் தடைசெய்தார். 1919 இல் நெப்ராஸ்கா, இளஞ்சிறார்க்கு அந்நிய மொழி கற்பிப்பதைக் குற்றமாக்கியது. ஜேர்மன் மொழியில் விவிலியக் கதைகளைப் படிக்கக் கற்பித்த லூத்தரன் பாடசாலை ஆசிரியர் றொபேட் மேயர் தண்டிக்கப்பட்டார். 1923 இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் அத்தண்டனையை நீக்கியது. ஆசிரியத் தொழில் புரியும் நாம் அந்த ஆசிரியரை எளிதில் மறத்தல் இயலாது.

பிள்ளைகளின் மொழியை மூத்தோர் மறுத்தபோது சபை பிளந்தது. மூத்தோரின் மொழியை அரசு மறுத்தபோது நீதி பிழைத்தது. இவ்விரண்டுக்கும் இடையே மூன்றாவது வழியொன்று உண்டு. மும்மொழியிலும் பேசிய முதியவர் அதனைத் தொடக்கத்திலேயே காட்டியிருந்தார். தலைமுறைகளுக்கிடையே பாலம் அமைக்க விரும்புவோர், எந்த மொழி வெல்லும் என்று கேளாது, எவருக்கு விளங்கவில்லை என்று முதலிற் கேட்பாராக.