குளச்சல் கரையில் தோற்ற முத்திரை

பல கடற்கரைகளில் ஒரே வடிவில் அறியப்பட்ட தொடக்ககால வணிக இலச்சினைகளுள் ஒன்று, 1741ஆம் ஆண்டு நம் குமரி மாவட்டத்துக் குளச்சலில் தோல்வியைக் கண்டது. ஒல்லாந்தர் என்றும் டச்சுக்காரர் என்றும் நாம் அழைக்கும் நெதர்லாந்து வணிகர்களின் கிழக்கிந்தியக் கும்பினியுடைய மூன்றெழுத்துச் சின்னமே அது. பள்ளிப் பாடத்தில் குளச்சல் போரைப் படித்த நம் பிள்ளைகள் மன்னர் மார்த்தாண்ட வர்மரையும் சிறைப்பட்ட டிலனாயையும் அறிவர். அந்தச் சின்னத்தின் கதையை அறிந்தவர் குறைவு. கடைக்கு இடம் பார்க்கும் முன்பே லோகோ வரையக் கொடுத்துவிடும் இந்நாளில் அக்கதையைச் சற்று விரிவாகச் சொல்வது பொருத்தமாகும் என்று கருதுகிறோம்.

அந்தக் கும்பினி 1602இல் நிறுவப்பட்டது. அதன் டச்சுப் பெயரிலுள்ள மூன்று சொற்களின் முதல் எழுத்துகளை எடுத்து, பெரிய ‘வி’ ஒன்றை வரைந்து, அதன் இரு கைகளின் மீதும் சிறிய ‘ஓ’வையும் ‘சி’யையும் பிணைத்தனர். அவ்வளவுதான். அரசரின் உருவமில்லை, சிங்கமில்லை, கிரீடமில்லை. கொல்லனும் கல்தச்சனும் கொடி தைப்பவனும் ஒருமுறை பார்த்தால் போதும், மறுமுறை பிழையின்றிச் செய்துவிடலாம். கும்பினிக்கு ஆறு கிளைகள் இருந்தன. எந்தக் கிளையின் பொருள் என்று காட்ட, அந்த ஊரின் முதல் எழுத்தைச் சின்னத்தின் தலைமேல் இட்டனர். ஆம்ஸ்டர்டாம் கிளைக்கு ‘ஏ’. யார் பொறுப்பு என்பதைச் சொல்லும் இந்த ஒற்றை எழுத்தே அச்சின்னத்தின் உண்மையான நுட்பம் என்பது எம் கருத்து. பீரங்கியிலும், மூட்டையிலும், செப்புக்காசிலும், சப்பானில் சொல்லிச் செய்வித்த பீங்கான் தட்டிலும் அது இடம்பெற்றது. தமிழ்க் கரையையும் அவர்கள் மறந்துவிடவில்லை. நாகப்பட்டினத்தில் அடித்த செப்புக்காசுகளில் ஊரின் பெயரைத் தமிழ் எழுத்திலேயே பொறித்தனர். வாங்குபவனின் மொழியில் பேச வேண்டும் என்று இன்றைய விளம்பரக்காரர்கள் கற்பிக்கும் பாடத்தை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர். (கப்பலோட்டிய தமிழர் வ.உ.சி.யைப் போற்றும் நமக்கு, அயலாரின் கப்பல் கும்பினிக்கும் அதே மூன்றெழுத்து வாய்த்தது வேடிக்கைதான்.)

ஆனால் சின்னத்தின் பொருளை வரைந்தவன் தீர்மானிப்பதில்லை. ஆம்ஸ்டர்டாமில் பங்கு வைத்திருந்தவருக்கு அந்த மூன்றெழுத்து இலாபம் என்று பொருள் தந்தது. இன்றைய இந்தோனேசியாவிலுள்ள பண்டா தீவுகளில் அதற்கு வேறு பொருள். சாதிக்காய் வணிகம் தமக்கு மட்டுமே வேண்டும் என்று 1621இல் கும்பினியின் ஆளுநர் கூன் அத்தீவுகளின் மீது படையெடுத்தார். தீவினருள் பெரும்பாலோர் கொல்லப்பட்டனர், அல்லது பட்டினியால் மாண்டனர், அல்லது அடிமைகளாக ஏற்றிச் செல்லப்பட்டனர். அவர்களுள் நம் மார்க்கத்தவர் பலர். எஞ்சியவர்களின் கண்ணுக்கு அந்தச் சின்னம் எப்படித் தெரிந்திருக்கும்?

தெற்கே சாதிக்காயின் இடத்தில் மிளகு இருந்தது. மார்த்தாண்ட வர்மர் தம் அரசை விரிவாக்கி, மிளகு வணிகத்தைத் தம் பிடிக்குள் கொண்டுவர முயன்றபோது, கும்பினி இலங்கையிலிருந்து குளச்சலுக்குப் படை அனுப்பியது. படை தோற்றது. சிறைப்பட்டவர்களுள் ஒருவரான டிலனாய் மன்னரின் பணியில் சேர்ந்து, திருவிதாங்கூர்ப் படையை ஐரோப்பிய முறையில் பயிற்றுவித்தார். 1777இல் அவர் இறந்தார். தக்கலையை அடுத்த புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள், இலத்தீனும் தமிழும் பொறித்த கல்லறையின் கீழ் அவர் கிடக்கிறார். கும்பினியோ கடனில் மூழ்கி, 1799ஆம் ஆண்டின் இறுதியில் கலைக்கப்பட்டது. அதன் சின்னம் இன்றும் அழியவில்லை. பழங்காசு சேர்ப்பவர்களின் பெட்டிகளில் கிடக்கிறது.

வென்றவரின் சின்னத்துக்கும் ஒரு வரலாறு உண்டு. 1750இல் மார்த்தாண்ட வர்மர் தம் அரசைத் திருவனந்தபுரம் பத்மநாப சுவாமிக்கு அர்ப்பணித்தார். அக்கோயிலோடு தொடர்புடைய சங்கு திருவிதாங்கூரின் அடையாளமாயிற்று. காசில் சங்கு, 1888இல் அஞ்சல் தலை வெளியிட்டபோது அதிலும் சங்கு, அரசு இலச்சினையில் இருபுறமும் யானைகள் நிற்க நடுவே சங்கு. தேங்காய்ப்பட்டணத்திலும் குளச்சலிலும் திட்டுவிளையிலும் நம் முன்னோர் அந்தச் சங்குக் காசை எண்ணித்தான் மீனும் அரிசியும் வாங்கினர், ஸக்காத்தும் கொடுத்தனர். சந்தையில் அது செல்லுபடியாகும் காசு, வணக்கத்துக்குரிய பொருளன்று. அந்த வேறுபாடு அவர்களுக்குத் தெளிவாக இருந்தது.

1956 நவம்பர் 1ஆம் நாள் குமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தது. அலுவலகத் தாள்களில் சங்கு போய்க் கோபுரம் வந்தது. சங்கும் யானைகளும் கேரளத்தின் இலச்சினையில் தொடர்ந்தன. 1938இல் திருவிதாங்கூர் அரசு தொடங்கிய பேருந்துப் பணியின் வழிவந்த கேரளப் போக்குவரத்துக் கழகமும் யானைச் சின்னத்தையே தாங்குகிறது. நாகர்கோவிலுக்கு வரும் அந்தப் பேருந்தை ‘ஆனவண்டி’ என்று மலையாளிகள் அன்போடு அழைப்பதை நாம் கேட்டிருக்கிறோம். கே.எஸ்.ஆர்.டி.சி. என்ற எழுத்துகள் யாருக்குரியவை என்று கேரளமும் கர்நாடகமும் ஆண்டுக்கணக்கில் வழக்காடின. 2021இல் வணிகக்குறிப் பதிவகம் தம் பக்கம் தீர்மானித்துவிட்டதாகக் கேரளம் அறிவித்தது. 2023 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் கேரளத்தின் மனுவைத் தள்ளுபடி செய்தது. இரு மாநிலப் பேருந்துகளும் அதே எழுத்துகளோடு ஓடுகின்றன.

ஒருவரின் முத்திரையை மற்றவர் பயன்படுத்தக் கூடாது என்ற எண்ணம் நமக்குப் புதியதன்று. நபி (ஸல்) அவர்கள் அயல்நாட்டு மன்னர்களுக்குக் கடிதம் எழுத நாடியபோது, முத்திரையில்லாத கடிதத்தை அவர்கள் ஏற்கமாட்டார்கள் என்று தெரிவிக்கப்பட்டது. அதன் பின்னரே வெள்ளி மோதிரம் ஒன்று செய்விக்கப்பட்டது. ‘முஹம்மத்’, ‘ரஸூல்’, ‘அல்லாஹ்’ என்று வரிக்கு ஒரு சொல்லாக மூன்று வரிகள் அதில் பொறிக்கப்பட்டன. அதே வாசகத்தை வேறெவரும் தம் மோதிரத்தில் பொறிக்கலாகாது என்றும் நபியவர்கள் தடுத்தார்கள். புகாரி உள்ளிட்ட நூல்களில் இச்செய்தி பதிவாகியுள்ளது. அழகுக்காகச் செய்ததன்று அது. கடிதம் யாரிடமிருந்து வந்தது, அதற்குப் பொறுப்பு யார் என்ற கேள்விக்கு விடையாகச் செய்தது.

இன்று நம் ஊர்களின் கடைப் பலகைகளைப் பார்க்கிறோம். பிறையும் மினாராவும் பச்சை வண்ணமும் நிறைந்திருக்கின்றன. உரிமையாளரின் பெயரையும் முகவரியையும் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். புனித நூலின் பெயரை எந்த வணிகரும் தம் சரக்குக்குத் தனியுரிமையாகக் கோர முடியாது என்று 2015இல் உச்ச நீதிமன்றம், ‘ராமாயண்’ என்ற ஊதுபத்திப் பெயர் குறித்த வழக்கில் கூறியது. குர்ஆனையும் அத்தீர்ப்பு குறிப்பிட்டது. பிறையைத் தடுக்கும் சட்டம் இருக்கிறதா என்பதன்று எம் வினா. எடையில் குறைந்தாலோ பண்டம் கெட்டுப்போனாலோ வாடிக்கையாளர் ஏசுவது எதை? பலகையில் இருப்பதைத்தான். அங்கே நம் பெயர் இருந்தால் ஏச்சு நம்மோடு முடியும். பிறை இருந்தால்?

நபியவர்களின் அந்த மோதிரம் அவர்களுக்குப் பின் அபூபக்ர் (ரலி), உமர் (ரலி), உஸ்மான் (ரலி) ஆகியோரின் கைகளில் வழிவழியாக இருந்தது. ஒருநாள் அரீஸ் என்னும் கிணற்றருகே உஸ்மான் (ரலி) அமர்ந்திருந்தபோது அது தவறி உள்ளே விழுந்தது. மூன்று நாட்கள் தேடினார்கள்; கிணற்று நீரையும் இறைத்துப் பார்த்தார்கள். மோதிரம் கிடைக்கவேயில்லை.