பாடத்தின் மொழியும் ஆசிரியரின் ஆய்வும்: காரைக்கால் அரசுப் பள்ளிகளுக்கான செயல் ஆராய்ச்சித் திட்டம் குறித்து

புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கெனத் தனிப் பாடத்திட்ட வாரியம் கிடையாது. புதுச்சேரியும் காரைக்காலும் தமிழ்நாட்டுப் பாடநூல்களையும், மாகே கேரளத்தின் நூல்களையும், ஏனாம் ஆந்திரத்தின் நூல்களையும் பின்பற்றிவந்தன. 2014-15இல் தொடக்க வகுப்புகளில் தொடங்கிய சிபிஎஸ்இ மாற்றம் 2023-24இல் ஆறாம் வகுப்பு முதலான மேல் வகுப்புகளுக்கும் வந்து சேர்ந்தது. 2025இல் அரசுப் பள்ளி மாணவர்கள் முதன்முறையாக சிபிஎஸ்இ பொதுத்தேர்வை எழுதினார்கள். காரைக்காலின் வாஞ்சூர் எல்லையைத் தாண்டினால் தமிழ்நாட்டின் நாகூர். பேச்சும் உறவும் கடலும் இருபுறமும் ஒன்றுதான். ஆனால் அங்கே அரசுப் பள்ளியில் படிக்கும் பிள்ளையின் கையில் தமிழ்நாட்டுப் பாடநூல். இங்கே படிக்கும் பிள்ளையின் கையில் என்சிஇஆர்டியின் ஆங்கில நூல்.

இந்த மாற்றம் சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் இப்போது போகவில்லை. பாடங்களைப் படிக்கவும் எழுதவும் பிள்ளைகள் படும் சிரமத்தைப் பள்ளி அளவில் யார், எப்படி ஆராய்வது என்பதே என் கேள்வி. அந்த ஆய்வு மொழியாசிரியரிடமிருந்தோ மேலிருந்து வரும் தேர்விலிருந்தோ தொடங்கக் கூடாது. அறிவியல், கணக்கு, சமூக அறிவியல் ஆசிரியர்கள் தங்கள் பாடத்தில் பிள்ளைகள் சொந்தமாக எழுதியதை எடுத்து வைத்துக்கொண்டு தொடங்க வேண்டும் என்பது என் வாதம். திட்டமிடும் கட்டத்திலேயே இது முடிவாகாவிட்டால், பிறகு எத்தனை சுழற்சி நடத்தினாலும் பயனில்லை.

ஸ்டாஃப் ரூமில் கேட்கும் நோயறிதல் எளிமையானது: “பசங்களுக்கு இங்கிலீஷ் வரலை.” அதற்குச் சொல்லப்படும் மருந்தும் எளிமையானது: பேச்சு ஆங்கில வகுப்பு, சொற்பட்டியல், மெல்லக் கற்போருக்கு மாலை வகுப்பு. அன்றாடப் பேச்சு மொழியில் தேறுவதும், கல்விக்குரிய மொழியில் தேறுவதும் வேறு வேறு என்று ஜிம் கம்மின்ஸ் 1979இலேயே பிரித்துக் காட்டினார். பேச்சு ஆங்கிலம் சரளமாக வந்த பிள்ளையும் அறிவியல் பத்தியில் தடுக்கி விழலாம். தமிழ்வழியில் படித்த காலத்திலும் அதே பத்தியில் பலர் விழுந்துதான் இருந்தார்கள். ஆங்கிலம் ஒரு பழைய சிக்கலை இன்று கூர்மையாக்கியிருக்கிறது. சிக்கல் அதனால் பிறந்ததல்ல.

ஒரு சான்றை அருகில் வைத்துப் பார்க்கலாம். பட்டினச்சேரி, கிளிஞ்சல்மேடு போன்ற மீனவ ஊர்ப் பிள்ளைக்கு உப்பும் வெயிலும் கருவாடும் புதிதல்ல. பாத்திரத்து உப்புநீரைக் காய்ச்சினால் என்ன ஆகும் என்று கேட்டால், “தண்ணி வத்திடும், உப்பு தங்கிடும்” என்று உடனே சொல்லிவிடும். பாடநூல் நடை இதையே “நீர் ஆவியாதலின் விளைவாகக் கரைபொருள் எஞ்சுகிறது” என்று எழுதும். பிள்ளையின் வாக்கியத்தில் இரண்டு வினைகள் அடுத்தடுத்து நடக்கின்றன. பாடநூலில் முதல் வினை ஒரு பெயராக இறுகி, ‘விளைவாக’ என்ற சொல்லின் மூலம் காரணமாகிவிடுகிறது. ஹாலிடேயும் மார்ட்டினும் 1993இல் வெளிவந்த தங்கள் நூலில் அறிவியல் எழுத்தின் அடிப்படைத் தொழில்நுட்பமாக இதைத்தான் விளக்கினார்கள்: நிகழ்வைப் பெயராக்கினால்தான் அதை அளக்கவும், வகைப்படுத்தவும், இன்னொன்றோடு பொருத்தவும் முடியும். ஆங்கில நூலிலும் நடப்பது இதே சுருக்கம்தான். ‘எவாப்பரேஷன் என்றால் ஆவியாதல்’ என்று நோட்டில் எழுதித் தருவதால் அந்தச் சுருக்கம் பிரியாது. பேச்சு வாக்கியத்திலிருந்து பாட வாக்கியத்துக்கும், அங்கிருந்து திரும்பவும் போய்வரப் பிள்ளைக்குத் தெரிய வேண்டும். அப்படிப் போய்வருவதைக் கற்பிக்க, எது நல்ல அறிவியல் விளக்கம் என்று தெரிந்தவர் வேண்டும். பள்ளியில் அவர் அறிவியல் ஆசிரியர்தான்.

கணக்கில் தடுக்கும் இடம் வேறு. “முருகனிடம் 35 கூடை மீன் இருக்கிறது. அது சேகரிடம் இருப்பதைவிட 5 அதிகம். சேகரிடம் எத்தனை?” என்ற கணக்கில் ‘அதிகம்’ என்று கண்டதும் கூட்டி 40 என்று எழுதும் பிள்ளைக்குக் கூட்டலும் தெரியும், கழித்தலும் தெரியும். ‘அது’ எதைச் சுட்டுகிறது, ‘விட’ எதோடு ஒட்டுகிறது என்பதில்தான் தவறு நேர்கிறது. லூயிஸும் மேயரும் 1987இல் அமெரிக்கக் கல்லூரி மாணவர்களிடமே இத்தகைய பிழையைக் கண்டு எழுதினார்கள். ஆகவே இதைப் பின்தங்கிய பிள்ளைகளின் குறையாகப் பார்க்க இடமில்லை. ஆனால் சரி, தவறு என்று குறியிட்டு மதிப்பெண் கூட்டும் தேர்வில் இந்தப் பிழையும் கழித்தல் தெரியாத பிழையும் ஒரே பூஜ்யமாகிவிடுகின்றன.

சமூக அறிவியலில் வாசிப்பது பத்தியை மட்டுமல்ல. காரைக்கால் காவிரியின் கடைமடை. அரசலாறும் திருமலைராஜனாறும் நூலாறும் கொண்டுவரும் நீர்தான் இங்கே வயலுக்கு. 2018 பிப்ரவரி 16ஆம் தேதி உச்ச நீதிமன்றம் செய்த பங்கீட்டை அட்டவணையாகக் கொடுத்தால், கர்நாடகம் 284.75, தமிழ்நாடு 404.25, கேரளம் 30, புதுச்சேரி 7 டி.எம்.சி. என்று பிள்ளைகள் ஒப்பித்துவிடுவார்கள். இந்த நான்கையும் கூட்டினால் 726 வருகிறது. கணக்கில் கொண்ட மொத்த நீர் 740 என்றால் மீதி எங்கே போனது என்று கேட்கும்போதுதான் அட்டவணையை வாசிப்பது தொடங்குகிறது. சுற்றுச்சூழலுக்கு 10, கடலில் கலப்பதற்கு 4 என்று காவிரி நடுவர் மன்றம் ஒதுக்கிய கணக்கு அப்போது தெரியவரும். அதே மன்றம் 2007இல் தமிழ்நாட்டுக்கு 419 தந்தது 404.25 ஆகவும், கர்நாடகத்துக்கு 270 தந்தது 284.75 ஆகவும் மாறியபோது, புதுச்சேரியின் 7 மட்டும் ஏன் அப்படியே நின்றது என்பது அடுத்த கேள்வி. இதை விளக்கி ஐந்து வரி எழுதும் பிள்ளை ‘ஆனால்’, ‘எனினும்’, ‘ஆகவே’ என்பவற்றைத் தக்க இடத்தில் வைத்தாக வேண்டும். அந்த எழுத்துக்கு வேண்டிய இலக்கணம் அறிவியல் விளக்கத்தின் இலக்கணம் அல்ல.

மூன்று பாடங்களையும் இவ்வளவு விரித்ததற்குக் காரணம் உண்டு. ‘ஒவ்வோர் ஆசிரியரும் மொழியாசிரியரே’ என்ற முழக்கம் நமக்குப் பழையது. இங்கிலாந்தில் 1975இல் வந்த புல்லக் அறிக்கை எல்லாப் பாடங்களிலும் மொழி என்ற கொள்கையை முன்வைத்தது. இந்தியாவில் 2005ஆம் ஆண்டுத் தேசியக் கலைத்திட்டச் சட்டகம் அதை எடுத்துக்கொண்டது. 2014இல் தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் வகுத்த விதிமுறைகளால் ஈராண்டு பி.எட். படிப்பில் அது ஒரு தாளாகவே ஆனது. முழக்கம் வகுப்பறைக்குள் போகாததற்கு ஆசிரியரின் சோம்பலைக் காரணம் சொல்வது அநியாயம். எல்லாப் பாடத்துக்கும் ஒரே உத்தியைக் கொடுத்ததுதான் கோளாறு. பக்கத்துத் தமிழ்நாட்டில் 2007ஐ ஒட்டி ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை வந்த படைப்பாற்றல் கல்வி இதற்கு நல்ல பாடம். பிள்ளைகளே பத்தியைப் படித்து, முக்கியச் சொற்களைக் கோடிட்டு, மனவரைபடம் வரைந்து, தொகுத்துப் பேசுவது என்ற அதன் அடிப்படை எண்ணத்தை நான் மிகவும் மதிக்கிறேன். பாடநூலைப் பிள்ளையின் கையில் கொடுத்து வாசிக்க வைத்த அரிய முயற்சி அது. ஆனால் வரலாற்றுக்கும் இயற்பியலுக்கும் ஒரே மனவரைபடம் என்றானபோது அது சடங்காகிவிட்டது. டிமத்தி ஷனஹனும் சிந்தியா ஷனஹனும் 2008இல் எழுதிய கட்டுரை இந்த இடத்தில் உதவும்: வேதியியலாளரும் கணிதவியலாளரும் வரலாற்றாசிரியரும் படிக்கும் விதமே வேறு, மேல் வகுப்புகளில் கற்பிக்க வேண்டியது அந்த வேறுபாட்டைத்தான்.

இனி ஆய்வு முறைக்கு வருவோம். குர்ட் லெவின் 1946இல் செயல் ஆராய்ச்சி என்ற கருத்தை முன்வைத்தார். ஸ்டீஃபன் கோரி 1953இல் அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தார். லாரன்ஸ் ஸ்டென்ஹவுஸ் 1975இல் ஆசிரியரே ஆய்வாளர் என்று வாதிட்டார். நம் பயிற்சி நிறுவனங்களில் இது முன்தேர்வு, தலையீடு, பின்தேர்வு, சராசரி உயர்வு என்ற வடிவமாகச் சுருங்கிவிட்டது. கோப்பு அழகாக இருக்கும். நாற்பது பிள்ளைகள், ஆசிரியரே எழுதிய வினாத்தாள், ஆறு வாரம்: உயர்வு வராமல் இருந்தால்தான் ஆச்சரியம். அந்த உயர்வு எதனால் வந்தது என்று அந்த வடிவத்தால் சொல்ல முடியாது. ஒப்பீட்டுக்காக இன்னொரு பிரிவுக்குப் புது முறையை மறுப்பது அதைவிட மோசம். அந்தப் பிள்ளைகளுக்கு அந்த ஆண்டு திரும்பி வராது.

நான் முன்வைக்கும் திட்டத்தில் முதல் வேலை, நம்பத்தக்க எழுத்தைச் சேகரிப்பது. நோட்டுப் புத்தகம் அதற்கு உதவாது. அதிலிருப்பது பெரும்பாலும் கரும்பலகையும் கைடும். பாடம் முடிகிற பத்து நிமிடத்தில், “இன்றைக்கு வராத நண்பனுக்கு நாம் பார்த்ததை எழுதிச் சொல்” என்று கேட்டு வாங்கும் அரைப்பக்கம் வேண்டும். தமிழில் எழுதலாம், ஆங்கிலத்தில் எழுதலாம், இரண்டையும் கலந்தும் எழுதலாம். இந்தச் சலுகையை இரக்கத்தால் கொடுக்கவில்லை. தமிழில் காரணத்தைக் கோத்து எழுதியவன் ஆங்கிலத்தில் மட்டும் தடுமாறுகிறானா, இரண்டிலுமே காரணம் கோக்கவில்லையா என்று பிரித்தறிய வேறு வழியில்லை. முதல் வகைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதும் இரண்டாம் வகைப் பிள்ளைக்குச் செய்ய வேண்டியதும் முற்றிலும் வேறு.

அந்தத் தாள்களைப் பாட ஆசிரியரும் தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் தனித்தனியாகப் படித்து, பிறகு ஒன்றாக உட்கார வேண்டும். ‘நன்று’ என்று ஒருவர் வைத்த தாளை இன்னொருவர் ‘சுமார்’ என்று வைத்திருப்பார். ஏன் என்று அவர்கள் பேசும் அரைமணி நேரத்தில்தான் ஆய்வுக் கேள்வி பிறக்கும். ‘எட்டாம் வகுப்பின் வாசிப்புத் திறனை மேம்படுத்துதல்’ என்பது கேள்வியே அல்ல. ‘என் பிள்ளைகள் நடந்ததை வரிசையாகச் சொல்கிறார்கள், ஏன் நடந்தது என்று எழுதுவதில்லை, மாதிரி விளக்கம் ஒன்றை வகுப்பில் சேர்ந்து பிரித்துப் பார்த்து, இன்னொன்றைச் சேர்ந்து எழுதிய பிறகு, தனியாக எழுதும்போது காரணம் வருகிறதா?’ என்பது கேள்வி. ஒரு பாடம், ஒரு வகை எழுத்து, ஒரு கேள்வி. அதற்கு மேல் ஒரு சுழற்சி தாங்காது.

‘போர்ஷன் முடிக்க வேண்டும்’ என்ற மறுப்பு நியாயமானது. அதை அலட்சியம் செய்யும் திட்டம் ஆகஸ்டைத் தாண்டாது. அதனால்தான் புதிய பாடவேளை கேட்கவில்லை; எப்படியும் நடத்த வேண்டிய பாடத்தின் ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வதே போதும். காலத்தையும் இடம் பார்த்துத்தான் வகுக்க வேண்டும். ஆனி மாதத்தில் காரைக்கால் அம்மையாரின் மாங்கனித் திருவிழா. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை; கடலோரத்தில் விடுமுறை எப்போது வரும் என்று சொல்ல இயலாது. அதன் பிறகு பொதுத்தேர்வு நெருங்கிவிடும். எனவே ஜூலை நடுவில் தொடங்கி செப்டம்பருக்குள் முடியும் ஒரு சுழற்சியும், ஜனவரியில் குறுகிய இன்னொன்றும்தான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

இன்னொரு இடையூறு பணியிட மாற்றம். புதுச்சேரியிலிருந்து வந்து சில ஆண்டுகள் பணியாற்றித் திரும்பும் ஆசிரியர்கள் இங்கே பலர். ஆய்வு ஒருவரின் சொந்தக் கோப்பாக இருந்தால் அவரோடு கப்பலேறிவிடும். ஆகவே அறிக்கையின் வடிவத்தையும் திட்டமிடும்போதே முடிவு செய்ய வேண்டும். பெயர் நீக்கிய ஆறு தாள்கள், சுழற்சிக்கு முன் மூன்று, பின் மூன்று. அவற்றின் ஓரத்தில் ஆசிரியர்களின் குறிப்பு. எது பலிக்கவில்லை என்று ஒரு பக்கம். பிள்ளைகளிடமும் பெற்றோரிடமும் அனுமதி கேட்டுப் பெற்ற தாள்களாக அவை இருக்க வேண்டும். இது தலைமையாசிரியர் அறையில் இருந்தால், அடுத்த ஜூலையில் புதிதாக வரும் அறிவியல் ஆசிரியர் வெறுங்கையோடு தொடங்க வேண்டியதில்லை. சதவீத உயர்வு மட்டும் எழுதிய கோப்பை வைத்துக்கொண்டு அவரால் எதையும் தொடங்க முடியாது.