உப்புக் காற்றும் பாட்டுப் பெட்டியும்

நம் மரக்காணம் பக்கத்தில், வீட்டிலேயே நல்ல ஒலி கேட்க வேண்டும் என்று ஆசைப்பட்டவர்களின் சரித்திரத்தை எழுதினால், பாதியை உப்புக்கே ஒதுக்க வேண்டும். முதலில் உப்பு செய்த உபகாரத்தைச் சொல்லிவிடுகிறேன்.

சென்னை வானொலி நிலையம் 1938-லேயே வந்துவிட்டது. புதுச்சேரி நிலையம் 1967-ல் வந்தது. ஆனாலும் நம் காது இருந்த இடம் சிலோன். மத்திய அலை காய்ந்த நிலத்தின் மேல் போனால் சீக்கிரம் தேய்ந்துவிடும். உப்புத் தண்ணீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்துவதால், கடல் மேல் அதே அலை வெகுதூரம் தேயாமல் வரும். நமக்கும் இலங்கைக்கும் நடுவில் இருப்பது பெரும்பாலும் கடல்தானே! தபாலாபீசில் லைசென்ஸ் கட்டி வைத்திருந்த சாதாரண ரேடியோவிலும் மயில்வாகனன், கே.எஸ். ராஜா, அப்துல் ஹமீது குரல்கள் பக்கத்து வீட்டில் பேசுவதுபோல் கேட்டன. அப்படிக் கேட்டுப் பழகிய காதுக்கு, பிற்பாடு எந்தப் பெட்டியும் லேசில் திருப்தி தரவில்லை.

நிமிடத்துக்கு 33⅓ சுற்று சுற்றும் எல்.பி. தட்டை அமெரிக்காவில் கொலம்பியா கம்பெனி 1948-ல் கொண்டுவந்தது. அதற்கேற்ற ஆம்ப்ளிஃபயரை வீட்டிலேயே செய்துகொள்ள, 1954-ல் இங்கிலாந்தின் முல்லார்டு கம்பெனி ‘5-10’ என்ற சர்க்யூட்டை வெளியிட்டது. ஐந்து வால்வு, பத்து வாட், அவ்வளவுதான். கடைசிக் கட்டத்தில் இ.எல்.84 வால்வு இரண்டு. அதே வால்வுகளைப் பிற்பாடு பெங்களூர் பி.இ.எல். தொழிற்சாலையும் தயாரித்ததால், நம் நாட்டு மெக்கானிக்குகளுக்கும் கை எட்டியது. மற்றச் சாமான்களுக்கு ரிச்சி தெரு இருந்தது. ஸ்பீக்கர் பெட்டியை, கதவு ஜன்னல் செய்யும் ஆசாரியே செய்து தருவார். பலகை கனமாக இருக்க வேண்டும், இணைப்பில் காற்று கசியக் கூடாது என்பதை அவருக்கு ஒருமுறை சொன்னால் போதும்.

1978-ல் ‘ப்ரியா’ படத்துக்கு இளையராஜா பாடல்களை ஸ்டீரியோவில் பதிவு செய்தார். ஒரு பெட்டி வைத்திருந்தவர்களெல்லாம் இரண்டாவது பெட்டிக்கு அலைந்தார்கள்.

இனி உப்பின் உபத்திரவம். காற்றில் ஈரப்பதம் சுமார் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத் தூள் தானாகவே தண்ணீரை இழுத்துக் கரைந்துவிடும். அளத்தில் குவித்த உப்பு கசிவதை நாம் பார்த்திருக்கிறோம். அதே சங்கதிதான் ஆம்ப்ளிஃபயருக்குள்ளும் நடக்கும். செப்புக் கம்பியில் பச்சை பூக்கும். வால்யூம் திருகினால் கரகரவென்னும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு ஈரம் குடித்துத் தொய்யும். வால்வு செட்டு தினமும் சூடேறி உள்ளே தன்னையே உலர்த்திக்கொள்ளும். பின்னால் வந்த டிரான்சிஸ்டர் செட்டுக்கு அந்தச் சூடு கிடையாது. பார்க்க அழகு, நம் ஊர்க் காற்றுக்கு ஆகாது. அலமாரிக்குள் பதினைந்து வாட் பல்பு ஒன்றை எப்போதும் எரியவிடுவதுதான் வைத்தியம். தங்கமுலாம் பூசிய பிளக்கை வெளியூர்க்காரர்கள் ஆடம்பரம் என்பார்கள். தங்கத்தை உப்பு தொடாது, ஆகையால் இங்கே அது அவசியச் செலவு.

மெஷினுக்குச் செலவழித்தவர்கள் அறையைக் கவனித்தார்களா என்றால், இல்லை. கூரை வீட்டில் கேட்ட பாட்டு மெத்தை வீட்டில் கேட்கவில்லை என்று பலரும் ஆம்ப்ளிஃபயரைத்தான் திட்டினார்கள். கீற்று ஒலியைக் குடிக்கும், காங்கிரீட் திருப்பி அடிக்கும். அமெரிக்காவில் ஹார்வர்டு பேராசிரியர் வாலஸ் சாபின், பேச்சுப் புரியாமல் எதிரொலித்த ஒரு மண்டபத்தைச் சரிசெய்ய, 1890களில் ராத்திரி நேரங்களில் நாற்காலி மெத்தைகளைச் சுமந்துபோய் அடுக்கி, ஒலி அடங்கும் நேரத்தை அளந்தார். நாம் அவ்வளவு பாடுபட வேண்டாம். எதிர்ச்சுவரில் இரண்டு கோரைப்பாயை, சுவரை விட்டு நாலு விரல் தள்ளித் தொங்கவிட்டாலே மேல்ஸ்தாயியின் கூச்சல் குறையும். பெட்டிகளைச் சுவர் மூலையிலிருந்து இரண்டடி முன்னால் இழுத்தால் கீழ்ஸ்தாயியின் குழப்பமும் தெளியும். இரண்டுக்கும் காசு வேண்டாம்.

2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது எங்கள் எல்.பி. உறைகள் கூழாகிவிட்டன. தட்டுகளைக் கழுவி நிழலில் உலர்த்தினோம், இன்றும் பாடுகின்றன.

இப்போது வீட்டுக்கு வீடு பிள்ளைகள் பழைய வால்வு செட்டைக் காயலான் கடைக்குக் கிலோ கணக்கில் போடுகிறார்கள். அதைச் செய்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பரண் மேல் ஒன்று இருந்தால் கொடுத்துவிடாதீர்கள். ஆசையில் உடனே பிளக்கையும் சொருகிவிடாதீர்கள். பல வருஷம் சும்மா கிடந்த கண்டென்சர் வெடிக்கும். உள்ளே 300 வோல்ட்டுக்குக் குறையாது, அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். வால்வு தெரிந்த மெக்கானிக்கைக் கூப்பிட்டு, நூறு வாட் குண்டு பல்பைச் சீரியலில் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் நல்ல சகுனம். மங்காமல் எரிந்துகொண்டே இருந்தால் உடனே நிறுத்திவிட்டு, முதலில் கண்டென்சரை மாற்றச் சொல்லுங்கள்.