தான செட்டில்மெண்ட்: சூலூர் வட்டார நடைமுறையும் முதியோர் பராமரிப்பும்

தான செட்டில்மெண்ட் என்பது, ஒருவர் தாம் உயிரோடு இருக்கும்போதே பணம் வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக்கொடுக்கும் பதிவுப் பத்திரம். கோவை–திருச்சி சாலையிலுள்ள சூலூரிலும், விசைத்தறி ஓடும் சோமனூர், கருமத்தம்பட்டிப் பக்கத்திலும் தென்னந்தோப்பும் தறிக்குடோனும் அடுத்த தலைமுறைக்குப் போகும் முக்கிய வழிகளில் இது ஒன்று. சாவைப் பற்றிய பேச்சென்று உயிலைத் தள்ளிப்போடுகிறவர்கள்கூட இதற்குத் தயங்குவதில்லை. செலவும் குறைவு. வழிகாட்டி மதிப்பில் ஒரு கோடி ரூபாய் பெறும் பூமியைக் கிரையம் செய்தால் முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமுமாக 9 லட்சம் ஆகும். குடும்பத்துக்குள் செட்டில்மெண்ட் என்றால், 2023 ஜூலையில் உச்சவரம்பு உயர்ந்த பிறகும், 40,000 தீர்வை, 10,000 கட்டணம், அவ்வளவுதான். ‘சீர் செய்தாயிற்று’ என்று பெண்மக்களை ஒதுக்கிவிட்டு மகனுக்கு மட்டும் எழுதவும் இந்தப் பத்திரம் பயன்படுவது தனிக்கதை.

உயிலை எத்தனை முறையும் மாற்றலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு கட்டாயமில்லை. செட்டில்மெண்ட் அப்படியல்ல. சார்பதிவாளர் அலுவலகத்தில் அப்பாரு (தாத்தா) கேமரா முன் உட்கார்ந்து விரல்ரேகை வைத்துவிட்டு எழும்போது தோட்டம் பேரனுடையதாகியிருக்கும். ‘புத்திர பவுத்திர பாரம்பரியமாய்’ என்று பத்திர எழுத்தர் வழக்கமாகப் போடும் வாசகத்தில், எழுதிக்கொடுத்தவர் இனி எங்கே படுப்பார், யார் சோறு போடுவார் என்பதற்கு இடமில்லை. மனம் மாறினாலும் தாமாகவே போய் ரத்து செய்ய முடியாது.

இந்த இடைவெளிக்காக வந்ததே 2007ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டத்தின் 23ஆம் பிரிவு. அடிப்படைத் தேவைகளைக் கவனிக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை வாங்கியவர் கவனிக்கத் தவறினால், அந்த மாற்றம் மோசடியாகவோ வற்புறுத்தலாலோ பெறப்பட்டதாகக் கொள்ளப்படும்; தீர்ப்பாயம் அதைச் செல்லாததாக அறிவிக்கலாம். ஆனால் நிபந்தனை எழுதப்படாவிட்டால்? 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், நிபந்தனை இருந்ததை நிரூபித்தாக வேண்டும் என்றது. 2025 ஜனவரியில் மத்தியப் பிரதேசத் தாய் ஒருவரின் வழக்கில், இது நலச் சட்டம், முதியவருக்குச் சாதகமாகவே வாசிக்க வேண்டும் என்றது. நாகப்பட்டினத்து மூதாட்டி ஒருவர் மகனுக்கு எழுதிக்கொடுத்தார். மகன் இறந்தபின் மருமகள் கவனிக்கவில்லை. 2025 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம், அன்பினால் எழுதிக்கொடுத்ததிலேயே அந்த நிபந்தனை உள்ளடங்கியிருக்கிறது என்று கூறிப் பத்திர ரத்தை உறுதிசெய்தது. வழக்கு வந்தால்தான் இந்த வாதமெல்லாம். ‘எங்கள் ஆயுள்வரை அனுபவ பாத்தியம் எங்களுக்கே, பராமரிப்பது உன் பொறுப்பு’ என்ற ஒரு வரியைப் பத்திரத்தில் சேர்க்கத் தனிச் செலவில்லை.

புகாரைக் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தில் தரலாம். வக்கீல் வைக்க வேண்டியதில்லை. 2007 சட்டப்படி மாதப் பராமரிப்புத் தொகைக்கு உச்சவரம்பு 10,000 ரூபாய். முதியோர் உதவி எண் 14567.

அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளை இருக்கும் வீட்டில் கேள்வி வேறு. அண்ணன் பேருக்கு எல்லாவற்றையும் எழுதி ‘தம்பியைப் பார்த்துக்கொள்’ என்று வாய்ச்சொல்லோடு விடுவதே பழக்கம். அண்ணன் முந்திப் போய்விட்டால் அந்தச் சொல்லைக் கேட்ட ஆளே இல்லை. தேசிய அறக்கட்டளைச் சட்டம் (1999), ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கு, 18 வயதுக்குப் பிறகும் ஆட்சியர் இடம்பெறும் உள்ளூர்க் குழு மூலம் காப்பாளரை நியமிக்க வழிசெய்கிறது. சொத்தைத் தனியார் அறக்கட்டளையாக்கி, வருமானம் அவருக்கு, நிர்வாகம் இன்னொருவருக்கு என்றும் பிரிக்கலாம்.

மறதிநோய்க்கு இதுபோல் தனிச் சட்டமில்லை. பவர் பத்திரம் இருக்கிறதே என்று நம்புவோர் அறியாதது: எழுதிக்கொடுத்தவர் சித்த சுவாதீனம் இழந்தால் அந்தப் பவரும் போய்விடும். கோமாவில் கிடந்த கணவரின் சொத்தை விற்க ஒரு மனைவி உயர் நீதிமன்றம்வரை போக வேண்டியிருந்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அவரைக் காப்பாளராக்கி, விற்ற பணத்தில் 50 லட்சத்தைக் கணவர் பேரில் வைப்பாகப் போட்டு வட்டியை எடுத்துக்கொள்ளச் சொன்னது.