இரத்தக்குழாய் அழற்சியும் இதயநோய் முன்கணிப்பும்

இரத்தத்திலுள்ள அழற்சிக் குறிகளையும் இரத்தக்குழாய்ச் சுவரின் நிலையையும் அளந்து, மாரடைப்பு வரும் வாய்ப்பை முன்கூட்டியே மதிப்பிடும் முறை. தமிழ்நாட்டில் இதன் வரலாறு பெரும்பாலும் சென்னை ஆய்வுகளின் வரலாறே. ஏலக்காய் ஏல மையமான போடிநாயக்கனூருக்கு இதனுடன் உள்ள தொடர்பு அந்தக் காய் வழியானது.

தொடக்கம்: தமனித் தடிப்பை அழற்சி என்றே 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ருடால்ஃப் விர்ஹோ கருதினார், வியன்னாவின் ரொக்கிடான்ஸ்கி இதை ஏற்கவில்லை. 1930இல் டில்லெட்டும் பிரான்சிஸும் நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில், அழற்சிக் குறியான சி-ரியாக்டிவ் புரதத்தை (சி.ஆர்.பி.) கண்டறிந்தனர். நலமாயிருக்கும் ஆண்களிடமும் இது மிகுந்திருந்தால் பின்னாளில் மாரடைப்பு கூடுதலாக வருவதை 1997இல் பால் ரிட்கர் குழு காட்டியது.

சென்னை ஆய்வுகள்: 1990களின் பிற்பகுதியில் வி. மோகன் தலைமையிலான குழு திருமங்கலம், தி.நகர் குடியிருப்புகளில் 20 வயதைக் கடந்த 1,262 பேரை ஆராய்ந்தது. அவர்களில் சுமார் 11 விழுக்காட்டினருக்கு இதயத் தமனி நோய் இருந்ததாக 2001இல் வெளியான கட்டுரை கூறுகிறது. அதே மக்களிடையே கழுத்துத் தமனியின் சுவர்த் தடிப்பு, தமனியின் விறைப்பு, கைத்தமனி விரியும் திறன் ஆகியவையும் அளக்கப்பட்டன. கடைசிச் சோதனை தனி அழகுடையது. கையில் பட்டையை இறுக்கிச் சில நிமிடம் இரத்த ஓட்டத்தை நிறுத்துவார்கள். பிறகு சட்டென்று தளர்த்துவார்கள். பாய்ந்து வரும் இரத்தத்தின் உரசலை உணர்ந்து, நலமான உட்படலம் நைட்ரிக் ஆக்சைடைச் சுரந்து குழாயை விரிக்கும். நலிந்த உட்படலத்தால் அந்த அளவுக்கு விரிக்க முடியாது. ஊசியே குத்தாமல், உள்ளே நடப்பதை அல்ட்ராசவுண்ட் திரையில் பார்த்துவிடலாம். நீரிழிவு உள்ளவர்களிடம் சுவர் தடித்தும் விரிவு குறைந்தும் காணப்பட்டன.

2001இல் 26,001 பேருடன் தொடங்கிய அடுத்த ஆய்வின் ஒரு பகுதி, 2005இல், சி.ஆர்.பி.க்கு நீரிழிவுடனும் இதயத் தமனி நோயுடனும் வலுவான தொடர்பு உண்டு என்றது. நீரிழிவுடனான தொடர்பு உடற்கொழுப்பின் வழியே வருவதாகத் தோன்றுகிறது என்பது ஆய்வாளர் கருத்து.

கருத்து வேறுபாடு: சி.ஆர்.பி. நோய்க்குக் காரணமா, வெறும் அடையாளமா? 2011இன் மரபணு ஆய்வு அடையாளம் என்ற பக்கமே சாய்கிறது. ஆயினும் 2017இல் வெளியான ஆய்வில், 10,061 பேரிடம், கொழுப்பைக் குறைக்காமல் அழற்சியை மட்டும் தணித்த கனாகினுமாப் மருந்து இதயநோய் நிகழ்வுகளைக் குறைத்தது; உயிர்க்கொல்லித் தொற்றுகள் சற்றே கூடின. மற்றொரு மருந்தான மெத்தோட்ரெக்சேட் பலன் தரவில்லை. கோல்ச்சிசின் மருந்து குறித்த ஆய்வு முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன.

ஏலக்காய்: மலைச்சரிவுத் தோட்டங்களில் பறித்து, ஸ்டோர் எனப்படும் உலர்த்தும் கூடங்களில் பச்சை நிறம் மங்காமல் உலர்த்திய காய் போடிநாயக்கனூர் ஏல மையத்தில் விலைபோகிறது. இந்தக் காய் இதயநலத்துக்கு உதவுமா என்று பார்த்த, 2009இல் வெளியான உதய்ப்பூர் ஆய்வில், உயர் இரத்த அழுத்தம் புதிதாகக் கண்டறியப்பட்ட 20 பேர் 12 வாரம் நாளுக்கு 3 கிராம் ஏலப்பொடி உண்டனர். அழுத்தம் தணிந்தது, உறைகட்டி கரையும் திறன் கூடியது. கொழுப்பு அளவுகள் குறிப்பிடும்படி மாறவில்லை. டீயில் தட்டிப்போடும் ஒன்றிரண்டு காயைவிட இந்த 3 கிராம் பல மடங்கு. ஈரானில் 80 பெண்களிடம் நடந்து 2017இல் வெளியான சோதனை, அதே அளவு ஏலக்காய் சி.ஆர்.பி.யைக் குறைத்ததாகத் தெரிவிக்கிறது. இரண்டும் சிறியவை, இரண்டுமே மாரடைப்பை அளவுகோலாகக் கொள்ளவில்லை.