அடுத்த பஸ் எத்தனை நிமிடத்தில்?

கைத்தொலைபேசியில் பஸ் நகர்வதைப் பார்க்கும் வசதியை நேற்று வந்த புதுமை என்றே நாம் நினைக்கிறோம். செய்மதி வந்தது, ஸ்மார்ட் போன் வந்தது, அதனால் இதுவும் வந்தது என்று கதையைச் சுருக்கமாக முடித்துவிடுகிறோம். லண்டன் நகரத்தின் வரலாற்றைப் பார்த்தால் அது அவ்வளவு நேர்ப்பாதை இல்லை.

1950களின் இறுதி. ஜீ.பீ.எஸ். என்ற ஒன்றே இல்லாத காலம். லண்டனில் பஸ்களின் பக்கவாட்டில் ஒளியைத் தெறிக்கச் செய்யும் தகடுகளைப் பொருத்தினார்கள். வீதியோரத்தில் நின்ற ஒரு கருவி, கடந்துபோகும் பஸ்ஸின் தகட்டில் இருந்த குறியீட்டை வாசித்துக் கட்டுப்பாட்டு அறைக்கு அறிவிக்கும். இன்று கடையில் பிஸ்கட் பக்கற்றை ஸ்கேன் பண்ணுகிறோமே, கிட்டத்தட்ட அதே வேலைதான். 'பெஸி' என்று அதற்குப் பெயர். ஆனால் பஸ் எங்கே என்பது அந்த அறையில் இருந்த அதிகாரிக்கு மட்டும்தான் தெரியும். மழையில் நின்ற பயணிக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பயணிக்குச் சொல்ல 1992 ஆகிவிட்டது. 18ஆம் இலக்க பஸ் பாதையில் 'கவுண்ட்டவுன்' என்ற பெயரில் தரிப்பிடங்களில் மின்திரைகளை வைத்தார்கள். எந்த இலக்க பஸ், எங்கே போகிறது, இன்னும் எத்தனை நிமிடம் என்று திரை காட்டும். அப்போதும் செய்மதி இல்லை. வீதியோரக் கம்பங்களில் சிறிய சமிக்ஞைக் கருவிகள் இருந்தன. கடைசியாகக் கடந்த கம்பத்திலிருந்து சக்கரம் எவ்வளவு தூரம் சுழன்றது என்று எண்ணி பஸ் தன் இடத்தைச் சொல்லும். பஸ் முன்னர் வந்த வேகத்திலேயே வந்தது. ஆனால் காத்திருக்கும் நேரம் குறைந்துவிட்டதாகப் பயணிகளுக்குத் தோன்றியது. எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்று தெரியாமல் நிற்பதுதான் பெரிய பாரம் என்பது நமக்கும் அனுபவம்தானே.

செய்மதியின் கதை தனி. 1983 செப்டெம்பரில் தென்கொரியப் பயணிகள் விமானமொன்று வழிதவறி சோவியத் வான்பரப்புக்குள் போய்ச் சுட்டுவீழ்த்தப்பட்டது. 269 பேர் இறந்தார்கள். அதன் பிறகே, இராணுவத்துக்கென உருவாகிக்கொண்டிருந்த ஜீ.பீ.எஸ். பொதுமக்களுக்கும் திறந்துவிடப்படும் என்று அமெரிக்க ஜனாதிபதி ரீகன் அறிவித்தார். ஆனாலும் பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே ஏறத்தாழ 100 மீற்றர் வரை பிழை கலக்கப்பட்டது. நகர வீதியில் 100 மீற்றர் என்றால் பஸ் அடுத்த தெருவில் நிற்பதாகக் காட்டும். 2000 மே மாதத்தில்தான் அந்தப் பிழையை நீக்கினார்கள். அதன்பின் 2007 தொடக்கம் 2009 வரை லண்டனின் சுமார் 8,000 பஸ்களிலும் 'ஐபஸ்' கருவி பொருத்தப்பட்டது. உயர்ந்த கட்டடங்களுக்கிடையே சமிக்ஞை தடுமாறும் என்பதால் சக்கரக் கணக்கையும் விடவில்லை. 2011இல் சுமார் 19,000 தரிப்பிடங்களுக்கும் ஐந்து இலக்கக் குறியீடு வந்தது. அதை எஸ்.எம்.எஸ். அனுப்பினால் சாதாரண போன் வைத்திருந்தவருக்கும் பதில் கிடைத்தது. எங்களுக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் இதுதான்.

இவ்வளவும் கருவிகளின் கதை. அதன் அடியில் காசின் கதை ஒன்று இருக்கிறது. லண்டன் பஸ்களையும் தனியார் கம்பனிகள்தான் ஓட்டுகின்றன. 1985இல் கேள்விப்பத்திரம் கோருவது தொடங்கி, 1994இல் பஸ் கம்பனிகள் விற்கப்பட்டு முடிந்தன. ஆனால் 2001 முதல் வந்த ஒப்பந்தங்களின்படி பயணிகளின் கட்டணம் கம்பனிக்குச் சேராது, நகரத்துக்கே சேரும். பஸ்ஸை ஓட்டியதற்காகக் கம்பனிக்குக் கொடுப்பனவு. அட்டவணையை விட மக்களை அதிகம் காக்கவைத்தால் அதில் வெட்டு, குறைத்தால் ஊக்கத்தொகை. ஐபஸ் வந்தபின் அந்தக் கணக்கைப் பார்ப்பதும் அதன் வேலையாயிற்று.

இனி நம் நாட்டுக்கு வருவோம். லண்டனில் தகடு பொருத்திக்கொண்டிருந்த அதே காலத்தில், 1958 ஜனவரி 1ஆம் திகதி, தனியார் பஸ் கம்பனிகளை அரசுடைமையாக்கி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. 1979இல் தனியார் பஸ்கள் மீண்டும் வந்தன. பெரும்பாலும் ஓரிரு பஸ் வைத்திருக்கும் முதலாளிமார். அன்றைய வசூல்தான் முதலாளிக்கும் சாரதிக்கும் நடத்துனருக்கும் வருமானம். ஆகவே சந்தியில் ஆட்கள் சேரும்வரை நிற்பதும், பின்னால் அடுத்த பஸ் வந்ததும் பறப்பதும் அவர்களின் கெட்டகுணம் அல்ல, வயிற்றுப்பாடு. அந்த பஸ்ஸில் ஜீ.பீ.எஸ். பூட்டினால் திரையில் என்ன தெரியும்? சந்தியில் அசையாமல் நிற்கும் ஒரு புள்ளி. அது எப்போது நகரும் என்று எந்தக் கணினியும் கணித்துச் சொல்லாது. மஃரிப் நெருங்கும் நேரத்தில் உயர்தர வகுப்பு முடிந்து தரிப்பிடத்தில் நிற்கும் பிள்ளைக்கு அந்தப் புள்ளியால் என்ன பயன்?

லண்டனிலும் இது சும்மா கிடைக்கவில்லை. கட்டணம் போதாத இடத்தில் பொதுப்பணம் போகிறது. 2003 பெப்ரவரியில் நகர மையத்துக்குள் வரும் வாகனங்களிடம் நெரிசல் கட்டணம் அறவிடத் தொடங்கினார்கள். செலவு போக மிஞ்சுவதைப் போக்குவரத்துக்கே பயன்படுத்த வேண்டும் என்பது சட்டம். அதில் பெரும்பங்கு பஸ்களுக்குப் போனது. நாம் செயலியைக் கேட்கிறோம், சரி. அதோடு சேர்த்து, வசூலுக்குப் பதிலாக ஓடிய கிலோமீற்றருக்கும் நேரத்துக்கும் பணம் கொடுக்கும் முறையையும் கேட்க வேண்டியிருக்கிறது.

உங்கள் ஊர்த் தரிப்பிடத்தில் நேர அட்டவணை ஏதாவது ஒட்டியிருக்கிறதா? இருந்தால், அதன்படி பஸ் வருகிறதா என்றும் எழுதுங்கள்.